மொதல்ல தூங்குங்க, அப்புறம் வேதாகமத்த தொறங்க

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற உபவாச காலமான லெந்து நாள் ஆரம்பிச்சப்போ ஒரு வைராக்கியம் வந்துச்சு எனக்கு. தினமும் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஜெபம், வேத வாசிப்பு, நாப்பது நாளும் விடாம. மொதல் வாரம் போச்சு. ரெண்டாவது வாரம் ஹால்ல பாய் போட்டு உக்காந்து எண்ணாகமத்த தொறந்தா ரெண்டு பக்கம் போறதுக்குள்ள தலை தொங்கிடும். ஒரு நாள் அப்படியே புத்தகத்து மேலயே நெத்திய வெச்சு தூங்கிட்டேன், தண்ணி குடிக்க எந்திரிச்ச மாமியார் பாத்துட்டு மெதுவா தலைய தூக்கி, வேதாகமத்த உருவி எடுத்துட்டு தலவாணிய வெச்சாங்க. நான் திடுக்குனு முழிச்சு, இல்லத்த படிச்சிட்டு தான் இருந்தேன்னு சொல்றேன். அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. "அம்மாடி, தூங்குறதுன்னா ஒழுங்கா படுத்து தூங்கு, ஆண்டவரு கோச்சுக்க மாட்டாரு."

அன்னைக்கு எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு, ஆனா யோசிச்சு பாத்தா ராத்திரி பதினொன்றரைக்கு படுத்து நாலு மணிக்கு எந்திரிச்சா நாலரை மணி நேரம் தூக்கம், அதுக்கப்புறம் சமையல், பசங்க ஸ்கூல், கடலூர்ல இருந்து பாண்டிக்கு பஸ், எட்டு மணி நேரம் கணக்கு வழக்கு வேலை, திரும்ப பஸ். இந்த உடம்ப வெச்சுகிட்டு எண்ணாகமம் எப்படி உள்ள போகும். அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி, இப்போ ஒன்றரை வருஷமா ஒரு மாதிரி நிலையா போயிட்டு இருக்கு. சபையில நெறைய அக்காங்க "உனக்கு மட்டும் எப்படிமா நேரம் கெடைக்குது"ன்னு கேக்குறாங்க, அவங்களுக்காக நான் பண்றத அப்படியே எழுதுறேன். வேலைக்கு போற, வீட்டையும் பாக்குற சாதாரண விசுவாசிகளுக்கு இது, ஊழியத்துல முழு நேரமா இருக்கறவங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம்.

தூக்கத்துல இருந்து ஆரம்பிங்க

இத கேட்டா சில பேருக்கு சங்கடமா இருக்கும், ஏன்னா நம்ம ஊர்ல தூங்குறவன்னா சோம்பேறின்னு தான் பேர், நீதிமொழிகள்ல எறும்பப் போய் பாருன்னு சோம்பேறிக்கு சொல்லிருக்கே அத தான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தோம். ஆனா எலியாவ பாருங்க, 1 இராஜாக்கள் 19. யேசபேல் ராணிக்கு பயந்து ஓடி வந்து சூரைச்செடிக்கு கீழ படுத்து, போதும் கர்த்தாவே என் உயிர எடுத்துக்கோன்னு சொல்றாரு. அவ்ளோ பெரிய தீர்க்கதரிசி சாகணும்னு கேக்குறாரு, தேவன் உடனே பிரசங்கம் பண்ணல, கேள்வி கேக்கல, தூங்க விட்டாரு. அப்புறம் தூதன் வந்து தட்டி எழுப்பி சாப்புடுன்னு சொல்றான், பாத்தா தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும். சாப்ட்டுட்டு திரும்பவும் படுத்துக்கறாரு. ரெண்டாவது தடவ எழுப்பி, நீ போக வேண்டிய பயணம் ரொம்ப தூரம்னு சொல்லி இன்னொரு தடவ சாப்புட சொல்றாங்க. அதுக்கப்புறம் நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு போறாரு, அங்க தான் அந்த மெல்லிய சத்தம். மொதல்ல தூக்கம், அடை, தண்ணி, கடைசில தான் தேவனோட பேச்சு. இந்த வரிசைய நான் கவனிக்கவே இல்ல இத்தன வருஷம்.

இயேசுவும் தூங்கினாரு. மாற்கு 4:38, படகுல பின்னணியத்துல தலையணைய வெச்சு நித்திரையா இருந்தாரு. இங்க கடற்கரையில படகோட முன்பக்கத்த அணியம்னு தான் சொல்வாங்க, அதனால பின்னணியம்னு படிச்சதும் தேவனாம்பட்டினத்துல கரையேத்தி வெச்சிருக்கற படகு தான் கண்ணு முன்னாடி வரும், அதோட பின்பக்கம் வலை குவியலுக்கு பக்கத்துல ஒருத்தர் அசந்து தூங்குற மாதிரி. சங்கீதம் 127:2ல, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்னு இருக்கு. தூக்கம் அவர் குடுக்கறது. குடுக்கறத வாங்கிக்காம எதுக்கு நமக்கு இந்த வீம்பு.

அதனால நான் சொல்ற மொதல் படி, ரெண்டு வாரத்துக்கு புதுசா எந்த வாசிப்பு திட்டமும் எடுக்காதீங்க. படுக்குற நேரத்த மட்டும் சரி பண்ணுங்க. பெரியவங்களுக்கு ராத்திரி ஏழு மணி நேரமாவது தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றாங்க, நான் பத்தேகாலுக்கு படுத்து அஞ்சேகாலுக்கு எந்திரிக்கிறேன், சரியா ஏழு மணி நேரம். இதுக்கு நான் செஞ்சது மூணு நாலு சின்ன விஷயம் தான். போன ஒன்பதரைக்கு ஹால்ல ஃபிரிட்ஜ் மேல சார்ஜ் போட்டுட்டு வந்துடுவேன், படுக்கையறைக்கு வராது. அலாரத்துக்கு நூத்தம்பது ரூபாய்ல ஒரு சின்ன கடிகாரம் வாங்கினேன். அடுப்படிய ஒன்பதேகாலுக்கு மூடியாச்சுன்னா மூடியாச்சு, அதுக்கப்புறம் பசிக்குதுன்னு வர்றவங்களுக்கு பழமும் பிஸ்கட்டும் தான். பாத்திரம் கெடந்தா கெடக்கட்டும், காலைல தேச்சுக்கலாம். இந்த கடைசி விஷயம் தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, சிங்க்ல பாத்திரம் இருந்தா தூக்கமே வராது எனக்கு, ஒரு மாசம் ஆச்சு பழக.

நேரம் எங்க இருக்குன்னு தேடுறது

தினம் கிழிக்கிற காலண்டர் தாள தூக்கி போடாதீங்க, அதோட பின்பக்கத்துல அன்னைக்கு எந்த நேரம் எதுல போச்சுன்னு ஒரு வாரம் எழுதுங்க. அழகா எழுத வேணாம், "8 முதல் 8.50 பஸ்", "9 முதல் 9.50 போன்" அப்படி போதும். ஏழு தாள சேத்து வெச்சு பாத்தப்போ எனக்கு நெஜமாவே அதிர்ச்சி. ராத்திரி போன்ல மட்டும் தினம் அம்பது நிமிஷம். அதுல பாதி சபை குரூப்புல வர்ற வசன படம், காலை வாக்குத்தத்தம், அத பாத்து ஆமென் போட்டு இன்னொரு குரூப்புக்கு அனுப்புறது. தப்புன்னு சொல்லல, ஆனா அத வேத வாசிப்பு கணக்குல சேத்துக்காதீங்க, ஒரு வசனத்த முன்னாடியும் பின்னாடியும் என்ன இருக்குன்னு பாக்காம அனுப்பிட்டே இருந்தா அது நமக்குள்ள தங்குறதே இல்ல.

அந்த தாள்கள்ல எனக்கு கெடச்சது ரெண்டு எடம். ஒன்னு பஸ். இன்னொன்னு கிரைண்டர்.

பஸ்ல ஒரு சங்கீதம்

திருப்பாப்புலியூர்ல ஏறி பாண்டி வரைக்கும் முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். மொதல்ல பஸ்ல புத்தகம் படிக்க பாத்தேன், குலுக்கல்ல தலை சுத்தும், பாட்டு வேற சத்தமா போடுவாங்க, உக்கார எடம் கெடைக்காத நாள் தான் அதிகம். அதனால படிக்கிறத விட்டுட்டு மனப்பாடம் எடுத்துகிட்டேன். சங்கீதம் 23ல ஆறு வசனம். நான் போற வழியில ஆறு எடத்த அதுக்கு குறிச்சு வெச்சேன். ஆல்பேட்டை வந்தா மொதல் வசனம், கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். பெண்ணையாத்து பாலம் வந்தா ரெண்டாவது, அமர்ந்த தண்ணீர்கள், ஆத்துல தண்ணி இருந்தாலும் சரி மணலா கெடந்தாலும் சரி. கன்னியக்கோயில் மூணாவது. கிருமாம்பாக்கம் நாலாவது. தவளக்குப்பம் அஞ்சு, அரியாங்குப்பம் ஆறு.

கிருமாம்பாக்கத்துக்கு நாலாவது வந்தது நான் திட்டம் போட்டு வெச்சது இல்ல, வரிசையில தானா வந்துச்சு. அங்க மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எறங்குறவங்க ஜாஸ்தி. எக்ஸ்ரே கவர கையில வெச்சுகிட்டு ஒருத்தர், சாப்பாட்டு கூடையும் ஃபிளாஸ்கும் வெச்சுகிட்டு ஒரு அம்மா, கைய தாங்கி புடிச்சு எறக்கி விடற மகன். அவங்க எறங்குறத பாத்துகிட்டே, நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்னு மனசுக்குள்ள சொல்லும்போது ஒரு நாள் பட்டுன்னு புரிஞ்சுது. மொதல் மூணு வசனத்துல "அவர்"னு தான் இருக்கு. அவர் என்னை மேய்த்து, அவர் என் ஆத்துமாவைத் தேற்றி. நாலாவது வசனத்துல பள்ளத்தாக்கு வந்த உடனே "தேவரீர்"னு மாறிடுது. அது வரைக்கும் அவரப் பத்தி பேசிட்டு இருந்த, இந்த சங்கீதத்த பாடின தாவீது இருட்டுக்குள்ள போனதும் அவர் கிட்டயே பேச ஆரம்பிக்கிறாரு. சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல ஒப்பிச்ச சங்கீதம் இது, முப்பது வருஷம் கழிச்சு பஸ்ல நின்னுகிட்டு தான் இத பாத்தேன். அன்னைல இருந்து அங்க எறங்குறவங்களுக்காக ஒரு வரி ஜெபமும் சேந்துகிச்சு.

உங்க வழி வேறயா இருக்கும், நெய்வேலி போறவங்க, பண்ருட்டி போறவங்க, ஸ்கூட்டியில போறவங்க. எந்த வழியா இருந்தாலும் தினமும் மாறாம வர்ற எடத்த எடுத்துக்கோங்க, வாரத்துக்கு ஒரு வசனம் மட்டும் சேருங்க. ஆறு வாரத்துல ஒரு சங்கீதம் முழுசா உள்ள எறங்கிடும். சாயங்காலம் திரும்பி வர்ற பஸ்ல நான் எதுவும் செய்றதில்ல, எடம் கெடச்சா ஜன்னல்ல சாஞ்சு கண்ண மூடிக்குவேன், அதுவும் ஓய்வு தான், அத மனசு உறுத்தாம எடுத்துக்கோங்க.

கிரைண்டர் ஓடும்போது

இது தான் என்னோட உண்மையான வேத ஆராய்ச்சி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் வாரத்துக்கு மாவு அரைக்கிறது வழக்கம். உளுந்துக்கு அரை மணி நேரம், அரிசிக்கு அதுக்கு கொஞ்சம் மேல. அந்த ஒரு மணி நேரமும் அடுப்படிய விட்டு நகர முடியாது, கிரைண்டர் சத்தத்துல யாரும் நம்மகிட்ட பேச வர மாட்டாங்க, பசங்களும் ஓடி போயிடுவாங்க. முன்னாடி அந்த நேரத்துல போன் பாத்துட்டு நிப்பேன். இப்போ ஒரு முக்காலி, வேதாகமம், பென்சில், எம்பது பக்க நோட்டு ஒன்னு.

எந்த புத்தகம்னா, நாலு அதிகாரம் இருக்கற புத்தகமா பாத்து எடுத்துகிட்டேன், மாசத்துக்கு நாலு சனிக்கிழமைன்னு கணக்கு. ரூத், யோனா, மல்கியா, பிலிப்பியர், கொலோசெயர், 2 தீமோத்தேயு, எல்லாமே நாலு நாலு அதிகாரம். இந்த ஆறே அரை வருஷத்துக்கு வரும். நான் ரூத்துல ஆரம்பிச்சேன்.

செய்யற விதம் இது. உளுந்து ஓடும்போது அந்த அதிகாரத்த ஒரு தடவ நிறுத்தாம படிக்கணும், கோடு போட கூடாது, அர்த்தம் தேட கூடாது, கதையா படிக்கணும். நடுவுல அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு தண்ணி தெளிச்சு ஓரத்துல ஒட்டுனத தள்ளி விடணும் இல்லயா, அப்போ புத்தகத்த பாக்காம இது வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு நம்ம வார்த்தையில நமக்கே சொல்லிக்கணும். இது தான் ரொம்ப முக்கியமான எடம். சொல்ல வரலன்னா படிக்கல, கண்ணு மட்டும் ஓடியிருக்குன்னு அர்த்தம், திரும்ப உக்காந்து அந்த பகுதிய மறுபடி படிங்க. உளுந்த வழிச்சு எடுத்துட்டு அரிசிய போட்ட அப்புறம் ரெண்டாவது தடவ, இப்போ பென்சிலோட. யார் பேசுறாங்க, யார்கிட்ட பேசுறாங்க, எந்த சொல் திரும்பத் திரும்ப வருது, எந்த சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியல. ரூத் ஒன்னாவது அதிகாரத்துல "திரும்பி"ங்கற சொல்ல வட்டம் போட்டுகிட்டே வந்தேன், பக்கம் பூரா வட்டமா ஆயிடுச்சு. மாமியார் நகோமி மோவாப் தேசத்துல இருந்து திரும்புறது, நீங்க திரும்பி போங்கன்னு மருமகளுங்கள அனுப்புறது, ஓர்பாள் திரும்புறது, ரூத் திரும்பி போக மாட்டேன்கறது. அந்த பக்கத்துல மாவு சொட்டு ஒன்னு விழுந்து காஞ்சு போய் இன்னும் இருக்கு, தொட்டா சொரசொரன்னு இருக்கும்.

அர்த்தம் தெரியாத சொல்ல நோட்டுல எழுதி வைங்க, வெக்கப்படாதீங்க. நாம படிக்கற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 1871ல வந்தது, நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, விருதான்னா வீண்னு எனக்கே ரொம்ப நாள் தெரியாது. பக்கத்துல கத்தோலிக்க அண்ணன் தம்பிங்க வெச்சிருக்கற திருவிவிலியத்தையும் வாங்கி ஒப்பிட்டு பாருங்க, அது 1995ல வந்த மொழிபெயர்ப்பு, எளிமையா இருக்கும். சங்கீதம் 23ல "நான் தாழ்ச்சியடையேன்"னு நம்மளுதுல இருக்கற எடத்துல அதுல "எனக்கேதும் குறையில்லை"ன்னு இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வெச்சு படிச்சா வசனம் தெளிவா எறங்குது. இந்த தமிழ் வேதாகமம் நம்ம கைக்கு வந்த கதையும் நம்ம கடற்கரை கதை தான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல எறங்கினது இங்கிருந்து தெக்க இருக்கற தரங்கம்பாடியில, தமிழ்ல புதிய ஏற்பாடு முழுசா அச்சுல வந்தது 1715ல, அதே தரங்கம்பாடியில. அவ்ளோ பாடுபட்டு வந்தத நாம புரியாமலே ஒப்பிச்சுட்டு இருக்க கூடாதுன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

சில நேரம் பழைய சொல்லே நல்லா புரிய வெச்சுடும். ரூத் பொறுக்கின கதிர தட்டி பாத்தா ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமைன்னு ரெண்டாவது அதிகாரத்துல வரும். எனக்கு மரக்கால்னா பேர் தான் தெரியும். மாமியார்கிட்ட கேட்டேன், அவங்க சின்ன வயசுல களத்துல மரக்கால் போட்டு நெல் அளந்தத பாத்தவங்க, ரெண்டு கையையும் விரிச்சு இவ்ளோ இருக்கும்னு காட்டிட்டு, "ஒத்த பொம்பள ஒரு நாள்ல பொறுக்குனதா, அப்ப இடுப்பு ஒடிஞ்சிருக்கும்டி"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில ரூத் எனக்கு நெஜமான பொண்ணா ஆயிட்டா.

கடைசியா மாவ வழிச்சு மூடி வெச்சுட்டு நோட்டுல ஒரே ஒரு வரி எழுதுவேன், அந்த அதிகாரத்துல தேவன் எப்படிப்பட்டவர்னு நான் பாத்தது என்ன. அப்புறம் கிரைண்டர் கல்ல கழுவும்போது அதயே ஜெபமா சொல்லிடுவேன். அவ்ளோ தான்.

நாள்தோறும் காலைல எவ்ளோ படிக்கறது

காலைல அஞ்சேகாலுக்கு எந்திரிச்சா டீ போட்டு குடிச்சுட்டு பத்து நிமிஷம், ஒரே ஒரு அதிகாரம், ஆராய்ச்சி எதுவும் கெடையாது. வேதாகமத்துல மொத்தம் 1189 அதிகாரம், ஒரு வருஷத்துல முடிக்கணும்னா தினம் மூணுக்கு மேல படிக்கணும், எங்கள மாதிரி ஆளுங்க ஜனவரி ஒன்னாம் தேதி ஆரம்பிச்சு லேவியராகமத்துல நின்னு போறது அதனால தான். புதிய ஏற்பாடு மட்டும் 260 அதிகாரம். வாரத்துல அஞ்சு நாள், நாளைக்கு ஒன்னு, 52 வாரம், பெருக்கி பாத்தா சரியா 260. சனி ஞாயிறு மிச்சம், அஞ்சு நாள்ல ஒன்னு விட்டு போச்சுன்னா சனிக்கிழமை எடுத்துக்கலாம். அதுக்கும் மேல விட்டு போச்சுன்னா விட்டத துரத்தாதீங்க, இன்னைக்கு தேதிக்கு உள்ளத படிங்க, பாக்கி சேந்து சேந்து தான் நெறைய பேர் மொத்தமா விட்டுடறாங்க.

ஞாயித்துக்கிழமை

இத பத்தி கொஞ்சம் அழுத்தமா சொல்ல வேண்டியிருக்கு. நம்ம வீடுங்கள்ல ஓய்வு நாள்ல ரொம்ப களைச்சு போறது யாருன்னு பாருங்க. காலைல எல்லாருக்கும் டிபன், துணி எடுத்து வெக்கறது, எட்டரை மணி ஆராதனை, அதுக்கப்புறம் சண்டே ஸ்கூல், மத்தியானம் வீட்டுக்கு வந்து கறி சமையல், விருந்தாளி, பாத்திரம், சாயங்காலம் பெண்கள் கூடுகை. யாத்திராகமம் 20:10ல கட்டளைய படிச்சு பாருங்க, நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும், உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும், உன் மிருகஜீவனானாலும்னு ஒவ்வொருத்தரா எண்ணி சொல்லிருக்கு. மாட்டுக்கு கூட ஓய்வு சொன்ன தேவன் வீட்டு பொம்பளைய விட்டுட்டாரா என்ன. உபாகமம் 5ல அதே கட்டளைக்கு காரணம் சொல்லும்போது, நீ எகிப்துல அடிமையா இருந்தத நெனச்சு பாருன்னு வருது. ஓய்வு எடுக்க முடியாதவன் தான் அடிமை, உன்ன அதுல இருந்து கூட்டிட்டு வந்தாச்சு, இனிமே உன் வீட்டுல யாரையும் அப்படி வெச்சுக்காதன்னு அர்த்தம். இத அண்ணன்மாருங்க கட்டாயம் படிக்கணும்.

எங்க வீட்டுல என்ன மாத்தினோம்னா, வனாந்தரத்துல தேவன் ஜனங்களுக்கு குடுத்த மன்னாங்கற அப்பத்தோட கதையில இருந்து எடுத்தது தான், யாத்திராகமம் 16ல ஆறாம் நாள் ரெட்டிப்பா சேத்து வெச்சுக்க சொல்லிருக்கு, ஏழாம் நாள் வெளிய போய் தேட கூடாது. அதனால சனிக்கிழமையே எல்லாம். காலைல வீட்டுக்காரர் கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்துல போய் மீன் வாங்கிட்டு வருவாரு, சங்கராவோ மத்தியோ, அன்னைக்கே கொஞ்சம் கூடுதலா கொழம்பு வெச்சுடுவேன். மீன் கொழம்பு மறுநாள் தான் ருசின்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஞாயித்துக்கிழமை சோறு மட்டும் வெச்சா போதும், அதயும் பையன் வெக்கிறான், எட்டாவது படிக்கிறான், குக்கர்ல மூணு விசில் எண்ண தெரியும். யூனிஃபார்ம் அயர்ன் சனிக்கிழமை. சாப்ட்டுட்டு ரெண்டு மணி நேரம் வீட்டுல எல்லாரும் படுத்துடுவோம், போன் சத்தமில்லாம. மொதல்ல பசங்க முனகினாங்க, இப்போ அவங்களே பாய் போடுறாங்க. சாயங்காலம் வெயில் எறங்கினா சில்வர் பீச், ஒன்னும் வாங்காம சும்மா மணல்ல உக்காந்துட்டு வருவோம்.

சபை வேலையும் கொறச்சேன், இது சொல்றதுக்கு தயக்கமா இருக்கு ஆனா சொல்லணும். சண்டே ஸ்கூல், பாடகர் குழு, பெண்கள் கூடுகை கணக்கு எழுதறதுன்னு மூணு பொறுப்பு இருந்துச்சு. போதகர் ஐயா கிட்ட நேர்ல போய், சண்டே ஸ்கூல நல்லா செய்றேன்யா, மத்த ரெண்டுக்கும் வர்ற ஜூனுக்குள்ள வேற ஆள் பாருங்கன்னு சொன்னேன். நேர்ல சொல்லுங்க, மாசம் முன்னாடியே சொல்லுங்க, எத வெச்சுக்க போறேன்னு சேத்து சொல்லுங்க, அப்ப யாருக்கும் மனசு வருத்தம் வராது. லூக்கா 10ல மார்த்தாளும் இயேசுவுக்கு தான் சமைச்சா, கெட்டது எதுவும் செய்யல, ஆனாலும் நீ அநேக காரியங்களக்குறித்து கவலைப்பட்டு கலங்குறன்னு அவளத் தான் பேர் சொல்லி ரெண்டு தடவ கூப்புட்டாரு. அவ்ளோ பிரியமா கூப்புடறாரு, அந்த குரல்ல கோவமே இல்ல.

ஷிஃப்ட்டு வேலைக்காரங்களுக்கு

வீட்டுக்காரர் சிப்காட்ல ஷிஃப்ட்டு. காலை ஷிஃப்ட்டு, மத்தியான ஷிஃப்ட்டு, நைட்டுன்னு வாரா வாரம் மாறும், வார லீவு செவ்வாயோ வியாழனோ வரும். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு போக முடியலன்னு ரொம்ப நாள் குத்த உணர்ச்சியில இருந்தாரு. மாற்கு 2:27, மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது. எந்த நாள் லீவோ அந்த நாள அப்படியே ஓய்வு நாளா எடுத்துக்கோங்க, அன்னைக்கு பேங்க், கரண்ட் பில், வண்டி சர்வீஸ்னு அடுக்காதீங்க. நைட் ஷிஃப்ட்டு முடிஞ்சு காலைல ஆறரைக்கு வந்ததும் வேதாகமம் எடுக்க வேணாம், மொதல்ல தூங்குங்க, மத்தியானம் எந்திரிச்சு குளிச்சு சாப்ட்டுட்டு மூணு மணிக்கு படிங்க. நேரத்த கடிகாரத்தோட கட்டாதீங்க, "தூங்கி எந்திரிச்சு குடிக்கற டீக்கு அப்புறம்"னு கட்டுங்க, எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் அது மாறாது. அவரு அப்படித் தான் ஒரு வருஷமா மாற்குவும் யோவானும் முடிச்சாரு.

கைக்குழந்தை வெச்சிருக்கற அம்மாமாருக்கு ஒன்னே ஒன்னு தான், குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்க, பால் குடுக்கும்போது போன்ல ஆடியோ வேதாகமத்த மெதுவா போட்டு விடுங்க. இப்போதைக்கு அது போதும்.

வீட்டுல சேந்து படிக்கறது

2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்போ கடலூர்ல இருந்தவங்களுக்கு தெரியும், முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சு, கரண்டு கம்பம் விழுந்து, எத்தன நாள் இருட்டுல கெடந்தோம். அப்போ எனக்கு கல்யாணமாகி புதுசு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு மெழுகுவத்தி, அத சுத்தி எல்லாரும், மாமனார் சத்தமா படிப்பாரு. ஒரு அதிகாரம் படிச்சதும் புத்தகத்த அடுத்த ஆளுக்கு நகத்துவாரு, மெழுகுவத்தியும் கூடவே நகரும். கரண்டு வந்ததும் டிவியும் வந்துச்சு, அந்த பழக்கம் போயிடுச்சு. இப்போ மாமனார் இல்ல. போன வருஷம் அத திரும்ப ஆரம்பிச்சோம், வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும், சாப்பாட்டுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம், டியூப்லைட் நிறுத்திட்டு ஒரே ஒரு விளக்கு. ஒருத்தர் அஞ்சு வசனம், அப்புறம் புத்தகம் நகரும். விளக்கம் சொல்ல கூடாது, அறிவுரை சொல்ல கூடாதுன்னு ஒரு சட்டம், ஏன்னா அத ஆரம்பிச்சா பசங்க ஓடிடுவாங்க. கேள்வி கேட்டா மட்டும் பதில். பொண்ணு அஞ்சாவது படிக்கிறா, அவ போன வாரம் கேட்டா, யோனா மீன் வயித்துல தூங்கினானா இல்லயான்னு. யாருக்கும் பதில் தெரியல. ஆனா மீனுக்கு முன்னாடி கப்பலோட கீழ்த்தட்டுல நல்லா தூங்கினான்னு மொதல் அதிகாரத்துல இருக்குன்னு அவளே கண்டுபிடிச்சு காட்டினா.

மாமியாருக்கு கண்ணுல புரை, ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க, இப்போதைக்கு எழுத்து தெரியறதில்ல. அதனால சனிக்கிழமை கிரைண்டர் பக்கத்துல இன்னொரு முக்காலி போட்டாச்சு. அந்த சத்தத்துக்கு மேல நான் கத்தி கத்தி தான் படிக்கணும். ரூத்த ரெண்டாவது தடவ அவங்களுக்காக ஆரம்பிச்சோம், போன வாரம் மூணாவது அதிகாரம், என் மகளே உனக்கு சுகமான வாழ்வ நான் தேட வேண்டாமான்னு நகோமி மருமககிட்ட கேக்கற எடம். எபிரெயத்துல அங்க இருக்கற சொல்லுக்கு இளைப்பாறுற எடம்னு அர்த்தம்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன், அதயும் படிச்சு காட்டினேன். அவங்க ஒன்னும் சொல்லல. அரிசி மைய அரைஞ்சிருச்சான்னு விரல்ல தொட்டு பாத்துட்டு, "நீ படி, நான் வழிச்சுக்கறேன்"னு கிரைண்டர நிறுத்தினாங்க.